ஏழாவது கிரீனில் ஒரு நேரான இடம்

போன மாதம் மியா தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலை பார்த்த கோல்ஃப் மைதானத்தில் புல்தரைப் பராமரிப்புக்கு இப்போது அவள்தான் தலைமை.

"சிவா, ரோபோ புல்வெட்டி வந்திருக்கு. ஏழாவது கிரீன்ல ஏத்தி விட்டம். பாதிச் சரிவில நிண்டுட்டுது. சிவப்பு லைட் எரியுது. இனி ஒரு அடி வைக்கமாட்டன் எண்டு நிக்குது."

"எந்த இடத்தில?"

"வேற எந்த இடத்தில? குதிரை நிண்ட இடத்திலதான்."

இரண்டு பேரும் சிரித்து முடியக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு அவள் சொன்னாள்: "புதுசா வந்த பெடியள் குதிரைக் கதை கேக்கினம். மூண்டு உருளைக் கதையும் கேக்கினம். எனக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியாது. நீ வந்து ஒரு நாள் பேசன்."

பேசுவது எனக்குச் சரிவராது. வேலையிடக் கூட்டங்களில் என் முறை வரும்போது எனக்குத் தண்ணீர் விடாய்க்கும். எழுதித் தருகிறேன் என்று தப்பினேன். ஆங்கிலத்தில் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் என்பதால் முதலில் தமிழில் எழுதுகிறேன். மகள் மொழிபெயர்த்துக் கொடுப்பாள். எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கும் ஆயிற்று.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதில் வரும் மியா, கிரெயம் போன்றவர்கள் பேசியது ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடம் அவர்களோடு வேலை செய்ததில் அது என் காதுக்குள் எங்கள் வீட்டுத் தமிழாகவே விழுந்து பழகிவிட்டது. அப்படியேதான் எழுத வருகிறது. இங்கே பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் ஒரே "யூ"தான் என்பதால் அதை "நீ" என்றே எழுதியிருக்கிறேன். மரியாதைக் குறைவு இல்லை.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு மைதானத்தில் பதினெட்டுக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியையும் சுற்றிப் புல்லைக் கம்பளம் போல ஒட்ட வெட்டி வைத்திருப்போம். அதுதான் கிரீன். தூரத்திலிருந்து பந்தைக் கிரீனுக்கு அடித்து, பிறகு மெல்லத் தட்டிக் குழிக்குள் விழுத்த வேண்டும். எத்தனை குறைந்த அடியில் விழுத்துகிறீர்களோ அவ்வளவுக்கு நீங்கள் கெட்டிக்காரர். இவ்வளவுதான் விளையாட்டு. இதற்காகப் பெரிய மனிதர்கள் மட்டையை முழங்காலில் வைத்து முறித்ததைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மைதானம் மெல்பேர்னின் தென்கிழக்கில், மணல் நிலத்தில் இருக்கிறது. நூறு வருடத்துக்குக் கொஞ்சம் கூட. பெரிய போட்டிகள் நடக்கும் இடம். கஷ்டமான மைதானம் என்று உலகம் முழுவதும் பெயர். அந்தப் பெயரில் பாதி ஏழாவது குழி வாங்கிக் கொடுத்தது. நீளம் குறைவு, ஒரே அடியில் கிரீனுக்குப் போய்விடலாம். திரும்பி வருவதுதான் பிரச்சினை. கிரீன் பின்னாலிருந்து முன்னால் சரிந்து வரும். கொடியைத் தாண்டி விழுந்த பந்து திரும்பி உருண்டு, கொடியையும் கடந்து, கிரீனை விட்டு வெளியேறி, முன்னால் இருக்கும் ஆழமான மணல் பள்ளத்துக்குள் விழும். ஒரு காலத்தில் பெயர்பெற்ற ஒரு வீரர் இப்படி மேலும் கீழுமாக அலைந்து, கடைசியில் பந்தைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே கார் நிறுத்துமிடத்துக்கு நடந்துவிட்டாராம். அவருடைய பையைத் தூக்கி வந்தவர் எட்டாவது குழியில் நின்று தேடினாராம்.

இந்தச் சரிவுக்குக் காரணம் ஒரு குதிரை என்பது எங்கள் பட்டறைக் கதை. மைதானத்தை வரைந்தவர் கடல் கடந்து வந்தவர். கைத்தடியால் மண்ணில் கோடு கீறிக் காட்டிவிட்டு, முடிவதற்குள் ஊர் திரும்பிவிட்டார். கட்டியவர்கள் குதிரைகளில் இரும்பு அகப்பை பூட்டி மண் இழுத்தார்கள். ஏழாவதில் பின்பக்கத்து மேட்டை வெட்டி இறக்கும்போது ஒரு பெட்டைக் குதிரை பாதிச் சரிவில் நின்றுவிட்டது. அடித்துப் பார்த்தார்கள், கரட் காட்டிப் பார்த்தார்கள், அசையவில்லை. "சரி, இவ்வளவு காணும்" என்று புல்லை விதைத்துவிட்டார்களாம். மெய்யோ பொய்யோ, நாங்கள் அந்தக் கிரீனைக் "குதிரை" என்றுதான் சொல்வோம். "இண்டைக்குக் குதிரை எப்பிடி?" என்பதுதான் காலையில் முதல் கேள்வி.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு பெரிய திட்டத்தால் அல்ல. நாட்டை விட்டு வந்து, விசா கிடைத்து, பத்தாம் வகுப்புப் படிப்போடு வேலை தேடியவனுக்கு முகவர் ஒருவர் "வெளி வேலை, காலமை வெள்ளனப் போக வேணும், கதைக்கத் தேவையில்லை" என்றார். கடைசிச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. முதல் நாள் கையில் ஒரு வாரியைக் கொடுத்து "பங்கர் எல்லாத்தையும் துப்புரவாக்கு" என்றார்கள். எங்கள் ஆட்களுக்குப் பங்கர் என்றால் விமானம் குண்டு போடும்போது ஓடி ஒளியும் குழி என்று உங்களுக்குத் தெரியும். நான் தலைக்கு மேலே பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். இங்கே அது பந்துகள் ஒளியும் மணல் பள்ளம். ஒரு வருடம் மணல் வாரினேன். பிறகு புல் வெட்டினேன், மருந்து அடித்தேன், குழாய் திருத்தினேன். தொழிற்கல்லூரிச் சான்றிதழையும் எப்படியோ முடித்தேன். கிளேட்டனில் வாடகை வீடு சொந்த வீடானது. இதெல்லாம் எல்லோருக்கும் நடந்த கதை.

கிரெயம்தான் அப்போது தலைமை. நெடுவல், ஒல்லி, காதில் வெயில் பட்டுப் பட்டுத் தோல் உரிந்திருக்கும். கேட்ட கேள்விக்கு அவர் உடனே பதில் சொன்னதே கிடையாது. சட்டைப் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுப்பார். உறையை மெதுவாகப் பிரிப்பார். உறையை மடித்து அதே பைக்குள் வைப்பார். வாயில் போட்டு ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பிறகுதான் பேசுவார். அவசரப்படுகிறவர்களுக்கு அது பெரிய சித்திரவதை. எனக்கு வசதி. அந்த இடைவெளியில் நான் என் ஆங்கிலத்தைக் கோர்த்துக்கொள்வேன்.

கிரீனைப் பார்ப்பதற்கு அவர் புல்லில் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைப்பார். புறங்கையால் தடவுவார். "நல்லாயிருக்கு" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. உச்சப் பாராட்டு, "பிழையில்லை."

எனக்கு அவர் கொடுத்த வேலை குழி வெட்டுவது. பந்து விழும் குழி ஒரே இடத்தில் இருக்காது. ஒவ்வொரு நாளும் இடம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சுற்றியுள்ள புல் மிதிபட்டுச் செத்துவிடும். கேட்க லேசான வேலை. புதிய இடத்தில் முதலில் பந்தை நாலு பக்கத்திலிருந்தும் கையால் உருட்டிப் பார்க்க வேண்டும். பிறகு இரும்புக் குழல் போன்ற வெட்டியை நேரே நிறுத்தி, உடம்புப் பாரத்தைக் கொடுத்துத் திருகித் திருகி இறக்க வேண்டும். இதில்தான் புதியவர்கள் பிழை விடுவார்கள். நிலம் சரிவாக இருந்தால் வெட்டியும் நிலத்தோடு சேர்ந்து சரியும். குழி நிலத்தின் சரிவுக்கு ஏற்பச் சாயக்கூடாது, தூக்குநூல் விட்டது போல நேர் கீழே இறங்க வேண்டும். வெளியே வரும் மண் உருளையைப் புல் உதிராமல் தூக்கிப் போய் நேற்றைய குழியில் இறக்க வேண்டும். உள்ளங்கையால் தடவி, உயர்ந்தால் எடுத்து அடியில் மண் சுரண்டி, பதிந்தால் அடியில் மண் போட்டு, நேற்று அங்கே குழி இருந்ததே தெரியாமல் மூட வேண்டும். கிரெயம் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போனால் அன்று எனக்கு ஒரு "பிழையில்லை" கிடைக்கும்.

குதிரையில் குழி வெட்டக்கூடிய இடங்கள் குறைவு. மேலே ஒரு சின்னத் தட்டு உண்டு. நடுவில் ஒன்றிரண்டு இடம். பிறகு கீழே இடப்பக்க மூலையில் ஒரு பாய் விரிக்கும் அளவு நிலம், முழுச் சமம். அதை நாங்கள் "பிள்ளையள் குழி" என்போம். வருடத்தில் ஒரு நாள் அங்கத்தவர்களின் பிள்ளைகளுக்கு விளையாட்டு நாள் நடக்கும். அன்றைக்கு மட்டும் அங்கே வெட்டுவோம். சின்னப் பிள்ளைகள் வந்து தட்டுவார்கள், பந்து நேரே போய் விழும், ஐஸ்கிரீம் கொடுப்பார்கள். மற்ற நாட்களில் அங்கே குழி வைத்தால் அங்கத்தவர்கள் கோபிப்பார்கள். தங்களைப் பிள்ளைகளாக்கிவிட்டோமாம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அதற்கு முந்திய பெரிய போட்டியில் காற்றடித்த ஒரு மத்தியானம் குதிரையில் பந்து நிற்கவேயில்லை. வீரர் தட்டுவதற்குக் குனியும்போதே பந்து தானாக உருண்டது. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கிளப் தலைவருக்கு அவமானமாகிவிட்டது. பெரிய கம்பனி நடத்தியவர் அவர், அவமானம் பழக்கமில்லை. அடுத்த போட்டியிலும் இப்படி நடந்தால் ஏழாவது கிரீனைத் தோண்டி எடுத்துச் சமமாக்கிவிடுவது என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. புதுக் கிரீனின் வரைபடத்தைச் சட்டம் போட்டுக் கிளப் கட்டடச் சுவரில் மாட்டியும்விட்டார்கள். வெள்ளைப் பலகை போல் ஒரு கிரீன்.

கிரெயம் அதைப் பார்த்தார். ஒரு பெப்பர்மின்ட் எடுத்தார். "அந்தத் தோண்டுற மெஷின் இஞ்ச வாற அண்டைக்கு நான் வேற வாசலால போறன்" என்றார். அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை.

ஆகவே அடுத்த போட்டி வந்தபோது எங்கள் எல்லோருக்கும் ஒரே கவலை குதிரைதான். பெரிய போட்டி என்றால் மற்ற மைதானங்களிலிருந்தும் புல்தரைக்காரர்கள் உதவிக்கு வருவார்கள். இது எங்கள் தொழிலில் வழக்கம். சம்பளம் இல்லை. தொப்பியும் சாப்பாடும் கொடுப்போம். அப்படிச் சிட்னியிலிருந்து வந்தவர் தயாளன். மலேசியத் தமிழர், செவன் ஹில்ஸில் வீடு, என்னை விட வயதில் இளையவர். வந்திறங்கிய உடனேயே என்னைக் கட்டிப்பிடித்து, "அண்ணே, குதிரையைப் பார்க்கத்தான் வந்தேன் லா. மத்ததெல்லாம் சும்மா" என்றார்.

மூன்றாம் நாள் ஆட்டம். வடக்குக் காற்று வரப்போகிறது என்று வானிலை அறிக்கை சொன்னது. மெல்பேர்னில் இருப்பவர்களுக்குத் தெரியும், கோடை வடக்குக் காற்று என்றால் யாரோ அடுப்புக் கதவைத் திறந்துவிட்டது மாதிரி. கிரீனிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். ஈரம் போனால் கிரீன் இறுகும், இறுகினால் பந்து வேகமாக ஓடும். கிரெயம் பட்டறைப் பலகையில் எழுதினார்: ஏழாவது, ஒரு தடவை மட்டும் உருட்டவும், தயாளன்.

உருட்டுவது என்றால் கனமான உருளை வண்டியைக் கிரீன் மேல் ஓட்டி மட்டப்படுத்துவது. ஒரு தடவை உருட்டினால் பந்து ஒழுங்காக ஓடும். அதற்கு மேல் உருட்டினால் ஓட்டம் கூடும்.

விடிந்து வெளிச்சம் வர நான் என் வெட்டியோடு குதிரைக்குப் போனேன். முந்தின நாளே போட்டி நடுவர் மேல்தட்டில் வெள்ளைப் புள்ளி வைத்திருந்தார். அந்தப் புள்ளியில் வெட்டுவது என் வேலை. வழக்கம்போலப் பந்தை எடுத்துப் புள்ளியை நோக்கி மெல்ல உருட்டினேன். பந்து புள்ளிக்குப் போனது. நின்று யோசித்தது. பிறகு திரும்பிப் புறப்பட்டது. நான் பின்னாலேயே நடந்தேன். கிரீன் முழுவதையும் கடந்து முன் பள்ளத்தின் விளிம்பில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விழுந்தது. காற்று இன்னும் தொடங்கவே இல்லை.

நாங்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் வானொலிக் கருவியில் பேச எனக்குக் கூச்சம். எல்லோரும் கேட்பார்கள். அழுத்திப் பிடித்துக்கொண்டு, "கிரெயம், ஏழாவதுக்கு வா" என்று மட்டும் சொன்னேன். என் குரலை வானொலியில் கேட்டதே அபூர்வம் என்பதால் கிரெயம் மட்டுமல்ல, மியாவும் தயாளனும் போட்டி நடுவரும் சேர்ந்தே வந்துவிட்டார்கள். நடுவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். அகலத் தொப்பி, கையில் வரைபடம், வீண் பேச்சு இல்லாதவர்.

கிரெயம் குப்புறப் படுத்தார். புறங்கையால் தடவினார். எழும்பி, முழங்காலைத் தட்டிக்கொண்டு கேட்டார்:

"ஆர் உருட்டினது?"

"நான்தான்" என்றார் தயாளன். "பலகையில எழுதியிருந்த மாதிரியே ஒரு தடவைதான் உருட்டினேன். சத்தியமா."

மியாவின் முகம் சிவந்தது. அப்போது அவள் ஏழாவதைக் கவனிக்கும் ஆள். அன்று பலகையில் வேறு ஆளின் பெயரைக் கண்டது பிடிக்கவில்லை. "நானும் உருட்டினன்" என்றாள். "தயாளன் வரமுதல் வந்தனான். வெளியாள் குதிரையில பிழை விட்டிடுவார் எண்டு பயம். நான் உருட்டி வச்சால் அவர் வந்து பாத்திட்டுப் போயிடுவார் எண்டு நினைச்சன்."

"நான் என்னத்தைப் பார்க்கிறது? பனியே இல்லை. ராத்திரிக் காத்து காய வச்சிருச்சுன்னு நினைச்சேன் லா!"

"எனக்கும் பனி இருக்கேல்லையே" என்றாள் மியா. "நான் வரேக்கையே காஞ்சு போய்க் கிடந்துது."

உருட்டாத கிரீனில் காலைப் பனி இருக்கும், உருளை போனால் துடைபட்டுவிடும். மியா வருவதற்கு முன்பே பனி இல்லையென்றால் அவளுக்கு முன்னால் வேறு யாரோ உருளையோடு வந்து போயிருக்க வேண்டும். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

கிரெயம் பெப்பர்மின்ட் எடுத்தார். உறையைப் பிரித்தார். மடித்தார். பைக்குள் வைத்தார். பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அப்ப மூண்டு."

"என்னது?" என்றார் நடுவர்.

"எனக்கு நித்திரை வரேல்லை" என்றார் கிரெயம்.

மியா மறுபக்கம் திரும்பிவிட்டாள், தோள்கள் மட்டும் குலுங்கின. தயாளன் என் காதில், "அண்ணே, நான் ஒருத்தன்தான் சொன்னதைச் செஞ்சவன்" என்றார்.

ஆனால் சிரிக்கிற நேரமில்லை. மூன்று தடவை உருட்டிய கிரீன், வரப்போகும் வடக்குக் காற்று, மேல்தட்டில் வெள்ளைப் புள்ளி. மத்தியானம் தொலைக்காட்சியில் என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன மெஷின் வரும் என்றும் தெரியும்.

"தண்ணி அடிச்சு மெதுவாக்கலாமே?" என்றாள் மியா.

நடுவர் மறுத்துத் தலையை ஆட்டினார். "காலமை வாற ஆக்களுக்கு ஈரக் கிரீன், பின்னேரம் வாற ஆக்களுக்குக் காஞ்ச கிரீன். ரெண்டு போட்டி நடத்த நான் வரேல்லை. எல்லாருக்கும் ஒரே அளவாத் தெளிக்கிறதெண்டால் சரி. ஆனா அந்தத் தண்ணி இந்த மேல்தட்டுக்குக் காணாது. இந்தக் கிரீன்ல பந்து நிக்கிற இடம் எங்கையாவது இருக்கா?"

கிரெயம் என்னைப் பார்த்தார். மற்றவர்களும் என்னைப் பார்த்தார்கள். இடம் எனக்குத் தெரியும். கிரெயமுக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். வாயால் சொல்வதுதான் வெட்கம்.

"பிள்ளையள் குழி" என்றேன்.

கிரெயம் இரண்டாவது பெப்பர்மின்ட் எடுத்தார். முதலாவது இன்னும் கன்னத்தில் இருந்தது. அப்படி நான் பார்த்ததேயில்லை.

நடுவர் இறங்கிப் போய் அந்த மூலையில் பந்துகளை உருட்டிப் பார்த்தார். எல்லாம் நேரே ஓடி, சாதுவாக நின்றன. "வெட்டுங்கோ" என்றார்.

நான் முழங்காலில் நின்று வெட்டத் தொடங்கும்போது கிளப் தலைவர் வந்துவிட்டார். யார் சொன்னார்களோ தெரியாது.

"பிள்ளையள் குழியா?" அவர் குரல் இறங்கி இருந்தது, அதுதான் பயம். "உலகம் முழுக்கப் பாக்குது. பேர் போன ஏழாவதில நான் ஐஸ்கிரீம் வண்டியும் நிப்பாட்டவா?"

"நிப்பாட்டு" என்றார் கிரெயம். "வெயில் கடுமையா இருக்கும்."

"எல்லாரும் ஒரே தட்டில விழுத்திப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு போகப்போறாங்கள். பிறகு இந்தக் கிரீனை வச்சிருக்க என்ன காரணம் சொல்லுவாய்? பந்து நிண்டாலும் தோண்டத்தான் வேணும்."

அது எனக்குப் படீரென்று உறைத்தது. மேலே வெட்டினால் பந்து நிற்காது, தோண்டுவார்கள். கீழே வெட்டினால் குதிரை பல்லில்லாத குதிரையாகிவிடும், அப்போதும் தோண்டுவார்கள். கிரெயம் குனிந்தார். என் தோளில் ஒரு தட்டு. நான் திருகினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக ஒரு குழி வெட்டியதில்லை.

ஆட்டம் தொடங்கியது. காற்றும் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டக்குழு போனதும் ஒரே அளவாகப் பன்னீர் தெளிக்கிறது போல நீர் தெளிக்க வேண்டும், அவ்வளவுதான் அனுமதி. அதற்கு நானும் தயாளனும் குழாயோடு பற்றைக்குப் பின்னால் நின்றோம். மியா எங்களோடு வந்து நின்றுகொண்டாள்.

முதல் குழுவில் ஒருவர் பந்தைக் குழிக்குப் பக்கத்திலேயே போட்டார். கிட்டத்தட்ட ஒரு ஆள் நீளம்தான் தூரம். பந்து காற்றில் கொஞ்சம் ஆடியது. மியா என் கையைப் பிடித்தாள். பந்து நின்றது.

வீரர் வந்தார். குழியைப் பார்த்தார். மேலே சரிவைப் பார்த்தார். அந்த மூலையில் நின்று பார்த்தால் பின்னால் உள்ள சரிவு முழுவதும் வலப்பக்கம் சாய்ந்து வருவது போலத் தெரியும். பந்தும் வலப்பக்கம் வளையும் என்று கண் சொல்லும். வீரர் குந்தினார். பை தூக்குபவரைக் கூப்பிட்டார். இருவரும் சேர்ந்து குந்தினார்கள். சுற்றி நடந்தார்கள். பிறகு குழிக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளிக் குறிவைத்துத் தட்டினார். பந்து நேரே போனது. அவர் பார்த்த இடத்துக்கே போனது. குழிக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி.

அவர் பந்தைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், எங்களையும் ஒரு தரம் பார்த்தார்.

அடுத்தவரும் இடப்பக்கம். அடுத்த குழு வந்தது. அவர்களும் குந்தினார்கள்.

"அண்ணே" என்றார் தயாளன், "அது நேர்தானே?"

"நேர்தான்."

"பின்ன ஏன் எல்லாரும் கோணலா அடிக்கிறாங்க?"

"குதிரையின்ர கதை கேட்டிருக்கினம்" என்றேன்.

உண்மையில் அவ்வளவுதான் நடந்தது. நூறு வருடமாக இந்தக் கிரீனில் நேராக ஓடிய பந்தைப் பற்றி ஒருவரும் கதை சொன்னதில்லை. கார் நிறுத்துமிடத்துக்கு நடந்துபோனவரின் கதையைத்தான் எல்லோரும் சின்ன வயதிலிருந்து கேட்டு வந்தவர்கள். இதில் எங்கேயோ ஒரு பொறி இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரியாது. அவர்களுக்கு ஐஸ்கிரீம் மட்டும்தான் தெரியும்.

மத்தியானத்துக்குப் பிறகு காற்று உச்சத்தில் இருந்தபோது முன்னணியில் இருந்தவரின் பந்து மூலையின் விளிம்பில் வந்து நின்றது. அதற்கு அப்பால் சரிவு. பந்து லேசாக முன்னும் பின்னும் அசைந்தது. பார்வையாளர் கூட்டம் மூச்சுப் பிடித்தது. கிரெயம் எங்கிருந்தோ வந்து பற்றைக்குப் பின்னால் எங்களோடு நின்றார். அவர் வாயில் ஒன்றும் இல்லை. பெப்பர்மின்ட் முடிந்துவிட்டது போல. பந்து இன்னொரு முறை ஆடி, அந்த இடத்திலேயே அமர்ந்தது. வீரர் வந்து குந்திப் பார்த்து, இடப்பக்கம் தட்டி, தவறவிட்டார். கிரெயம் மெதுவாக மூச்சு விட்டார்.

பட்டறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வர்ணனையாளர் திரையில் மஞ்சள் கோடெல்லாம் போட்டு அந்த மூலையின் "கண்ணுக்குத் தெரியாத வளைவை" விளக்கினார். அன்றைக்கு மைதானத்திலேயே எல்லோரையும் அதிகம் திணறடித்தது ஏழாவதுதான் என்றும் சொன்னார். தயாளன் சாண்ட்விச் புரையேறி வெளியே ஓடினார்.

மாலையில் தலைவர் பட்டறைக்கே வந்தார். அவர் அங்கே வந்தது அதுவே முதல் தடவை. கைகொடுத்தார். "இதை வரைஞ்ச அந்தக் காலத்து மனுசனுக்கு என்ன மூளை! ஒரு மூலையையும் சும்மா விடேல்லை" என்றார். கிரெயமிடம் பெப்பர்மின்ட் இல்லாததால் பதில் சொல்ல இன்னும் கூட நேரம் எடுத்தது.

"பிழையில்லை" என்றார்.

சுவரில் இருந்த வரைபடம் அடுத்த கிழமை இறங்கியது. கிரெயம் அதைக் கேட்டு வாங்கி வந்து, சட்டத்தைக் கழற்றி, எங்கள் தேநீர் மேசைக்கு விரிப்பாகப் போட்டார். இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது, கோப்பை வட்டங்களோடு. மூன்று உருளை விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்று அன்று உத்தரவிட்டார். "தெரிஞ்சால் தலைவர் நாலாவது ஆளா உருட்ட வந்திடுவார்." அந்தத் தலைவர் குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டார், கிரெயமும் அனுமதி தந்துவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

பிறகும் பல போட்டிகள் வந்தன. கிரெயம் ஓய்வு பெற்றார். மியா தலைமையானாள். என் முழங்கால் குனிந்து எழும்புவதற்கு மறுக்கத் தொடங்கியது. சிட்னிக்குப் பக்கத்து ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டு எழும்ப இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தபோது, சரி, காணும் என்று முடிவெடுத்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுபவர் கடைசி நாளில் குதிரையில் தனக்கு விருப்பமான இடத்தில் குழி வைக்கலாம். மற்றவர்கள் மேல்தட்டைக் கேட்பார்கள், அங்கத்தவர்களை ஒரு நாளாவது பழிவாங்கிவிட்டுப் போக. நான் பிள்ளைகள் குழியைக் கேட்டேன்.

அன்று கிரெயமும் வந்தார். எண்பதை நெருங்குகிறார். இடுப்பு எலும்பு புதிது. காது அதே காது. தயாளன் சிட்னியிலிருந்து விமானத்தில் வந்திருந்தார். மியா ஒரு மட்டையைக் கொண்டுவந்து கிரெயமின் கையில் கொடுத்தாள்.

"ஒரு தட்டு, கிரெயம். சிவாவுக்காக."

பந்தைக் குழியிலிருந்து ஒரு ஆள் நீளத்தில் வைத்தோம். கிரெயமுக்கு அந்த மூலை தெரியாததா? அவர் கன்னத்தை வைத்துப் படுத்த புல் அது. அவர் குழியைப் பார்த்தார். நிமிர்ந்து சரிவைப் பார்த்தார். ஒரு பெப்பர்மின்ட் எடுத்து, உறையைப் பிரித்து, மடித்து, பைக்குள் வைத்தார். மறுபடி சரிவைப் பார்த்தார். கால்களைக் கொஞ்சம் நகர்த்தினார். தயாளன் என் முழங்கையை இடித்தார். மியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிரெயம் தட்டினார். பந்து அழகாக, நேராக, ஒரு நடுக்கமும் இல்லாமல் ஓடி, குழிக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளிக் கடந்து போய் நின்றது.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, பழைய அதே குரலில் கேட்டார்:

"ஆர் உருட்டினது?"